திருப்பிக் கொடுத்த பூக்காசு

எங்கள் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியைச் சொல்வார்கள். இன்ன வருடம், இன்ன கூட்டத்தில் கண்ணீரோடு முழங்காலில் நின்றேன், அன்றைக்கே இரட்சிக்கப்பட்டேன் என்று. அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போனபோது என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. எனக்கு மனந்திரும்புதல் புரிந்தது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிய காலத்தில்தான்.

என் பொறுப்பு, பூ வாங்குகிற வியாபாரிகளின் வரவு செலவுக் கணக்கு. விவசாயிகள் கொண்டுவரும் பூவை எடை போடுவது ஓர் அண்ணன். என்னைவிட மூத்தவர், எங்கள் சபைக்காரர்தான். உசிலம்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் பக்கமிருந்து இருட்டோடு சாக்குகளும் கூடைகளும் வந்து இறங்கும். தராசில் தெரிவதை அவர் சத்தமாகச் சொல்ல, ஒரு பையன் சீட்டு எழுதுவான். அவர் சொல்லும்போது கடைசி கிராம்களை விட்டுவிடுவார். அப்படி ஒவ்வொரு கூடையிலும் தேங்கிய பூ ஒரு தனிச் சாக்கில் சேரும், அதை மாலை கட்டுகிறவர்களிடம் தன் கணக்கில் விற்றுவிடுவார். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும். அந்த விலையில் 50 கிராம் என்றாலே 100 ரூபாய். விடியுமுன் எழுந்து மொட்டு மொட்டாகப் பறித்த ஒரு பெண்ணுடைய உழைப்பு அது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் ஒன்றில் அவர் மாறினார். எந்தப் பிரசங்கத்தில் என்று எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் தராசின் எண் தெரிகிற பக்கத்தை விவசாயிகளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்ல ஆரம்பித்தார் என்பதுதான். அந்தத் தனிச் சாக்கும் காணாமல் போனது. சில நாட்கள் கழித்து, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது, தம்பி?" என்று கேட்டார். மன்னிப்பு கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. அது கிடைத்துவிட்டது என்று நம்பியதால்தான் இந்தக் கேள்விக்கே வந்திருந்தார்.

இரண்டு பேரும் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தானாக முன்வந்து ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. ஆயிரம் ரூபாய் எடுத்தவன் 1,200 கொடுக்க வேண்டும். ஆட்டைத் திருடி விற்றுவிட்டவனுக்கு, யாத்திராகமம் 22-இன்படி, ஒன்றுக்கு நான்கு. லூக்கா 19-இல் வருகிற வரி வசூலிப்பவனான சகேயுவை யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. அவனாகவே சொல்கிறான், அப்படியும் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று திருடனுக்குரிய கணக்கை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். எத்தனை முறை அந்தக் கதையைக் கேட்டிருப்பேன், இதை அன்றைக்குத்தான் கவனித்தேன். சரி, வாங்க வேண்டியவர் யாரென்றே தெரியாவிட்டால்? எண்ணாகமம் 5-இல், பெற்றுக்கொள்ள உறவினரும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு என்று ஆசாரியனிடம் போகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணன் ஒரு நோட்டுப் போட்டார். வழக்கமாக வருகிறவர்களின் ஊரையும், மனதறிந்து ஒரு தொகையையும் எழுதி, தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தார். அடையாளம் தெரியாதவர்களின் பங்கை ஆயரிடம் சொல்லி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் வரவேண்டும் என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் பணத்தைத் தூக்கி எறிந்து, "என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாம நான் நின்னப்போ எங்கய்யா இருந்தே?" என்று நடு மார்க்கெட்டில் கேட்டார். அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார், அண்ணனிடம் பேசுவதும் இல்லை. அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவரைக் கேட்க யாருக்கும் உரிமையும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடவுள் மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னியுங்கள் என்று பாதிக்கப்பட்டவரிடம் போய் நிற்பது நம் சபைகளில் சாதாரணமாக நடக்கிறது. அண்ணன் அதைச் செய்யவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், அந்தப் பங்கை நோட்டில் கழிக்காமல் வைத்திருக்கிறார்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது கடுமையாகத் திட்டி, தராசிலிருந்து எடுத்து மூட்டை கட்டுகிற வேலைக்கு மாற்றினார். சம்பளமும் குறைந்தது. சபையில் சிலர், அந்தக் கடையே வேண்டாம், வெளியே வந்துவிடு என்றார்கள். நான் அப்போதும் அதை ஏற்கவில்லை. லூக்கா 3-இல் ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்கள், யோவான் ஸ்நானகனிடம் ஞானஸ்நானம் பெற வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விடு என்று யோவான் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் வசூலிக்காதே என்றார். போர்ச்சேவகரிடம், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். அதே மேசையில், அதே தராசின் முன் நேர்மையாக நிற்பதுதான் கஷ்டம். அண்ணனும் அங்கேயே இருந்தார், பின்னால் முகூர்த்த நெரிசலில் ஆள் போதாமல் முதலாளியே அவரைத் திரும்பவும் தராசுக்குக் கூப்பிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கை சுத்தமானதும் அண்ணனுக்கு நாக்கு கூர்மையாகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சீட்டு எழுதுகிற பையன் ஒருநாள் எண்ணை மாற்றி எழுதிவிட்டான், வெறும் அவசரத்தில் வந்த தவறு, அதற்கு எல்லார் முன்னாலும் அவனைத் திருடன் என்றார். பையன் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனான். அன்று சாயங்காலம் அண்ணன் அவன் வீட்டைத் தேடிப் போய், அவன் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் கடையிலும், திட்டிய அதே ஆட்கள் முன்னால் கேட்டார். பூக்காசைத் திருப்பிக் கொடுத்ததைவிட இது அவருக்குக் கடினமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. 1517-இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றுதான் கிறிஸ்து விரும்பினார் என்கிறது. முன்பு அதைப் படித்தபோது, வாழ்நாள் முழுவதும் குற்ற உணர்வோடு அழுதுகொண்டே இருப்பதா என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனைப் பார்த்த பிறகு அந்தப் பயம் போயிற்று. அவர் முன்பைவிட அதிகமாகச் சிரித்தார். தவறு என்று தெரிந்தால் ஒத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, வளர்ச்சி என்று நான் கண்ணால் பார்த்தது அதைத்தான்.

வருகிற லெந்து காலக் கூட்டங்களில் ஒரு மாலையை வேலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒதுக்கும்படி எங்கள் ஆயரிடம் கேட்டிருக்கிறேன். கடை, ஆபீஸ், ஆட்டோ, பள்ளிக்கூடம் என்று எங்கே இருந்தாலும், யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுப்பது என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆயர் சம்மதித்துவிட்டார். அண்ணனையும் பேச அழைத்திருக்கிறோம். அன்று அதிகாலையில் பூ வரத்து எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.