மலை ரயிலுக்குப் பின்னால் ஒரு கிரைண்டர் வேகன்

தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயிலுக்கு வேகன் செய்கிறோம். 45 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் 1:22.5 அளவில் செய்தால் மீட்டர் கேஜுக்கு (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) சரியாக வரும். மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதையும் மீட்டர் கேஜ்தான். அதனால் மலை ரயில் எஞ்சினுக்குப் பின்னால் நம்ம ஊர்ச் சரக்கையே கோர்க்கிறோம்: கோயமுத்தூர் கிரைண்டர், திருப்பூர் பனியன், பொள்ளாச்சி இளநீர், ஈரோட்டு மஞ்சள். கிரைண்டர் வேகன் முடிந்து ஓடுகிறது. வண்டி நகர்ந்தால் டிரம் சுற்றும், கல் உருளும். மோட்டாரும் பேட்டரியும் கிடையாது. எல்லாம் சக்கர அச்சிலிருந்தே வருகிறது.

மேலே எவ்வளவு விளையாட்டும் காட்டலாம், அடிச்சட்டத்தில் மட்டும் அளவு பிசகக் கூடாது. 3 மி.மீ. அலுமினியத் தகடு, 260 × 90 மி.மீ. இரண்டு அச்சுக்கும் நடுவே 130 மி.மீ. இதைக் கூட்டினால் 600 மி.மீ. ஆர வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரச ஆரம்பிக்கும். சக்கரம் 31 மி.மீ. விட்டம், ஒரே அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் உள்பக்க இடைவெளி 40 மி.மீ. கோயமுத்தூர் கணபதி பக்கம் லேத் பட்டறையில் இரும்பிலேயே கடைந்து வாங்கலாம். ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரத்துக்கு நைலான் புஷ் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் எஞ்சினுக்கு மின்சாரம் தரும் இரண்டு தண்டவாளமும் அச்சு வழியாக ஷார்ட் ஆகிவிடும். தண்டவாளத்தில் வைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

ஒரு அச்சைச் சாயாமல் பொருத்தி, இன்னொன்றை நடுவில் ஒரே போல்ட்டில் தாங்கி இரண்டு பக்கமும் லேசாகச் சாயும்படி விட வேண்டும். தோட்டத்து மண்ணில் தண்டவாளம் ஒரே மட்டமாக இருக்காது. இரண்டு அச்சும் இறுகி இருந்தால் நான்கில் ஒரு சக்கரம் தூக்கி, வண்டி தடம் புரளும். டிரம்மைச் சுற்றும் பல்சக்கரம் சாயாத அச்சில்தான் இருக்க வேண்டும். சாயும் அச்சில் வைத்தால் பல் விலகும்.

டிரம்மைச் சுற்ற முதலில் தோன்றுவது ரப்பர் பெல்ட். படுத்த அச்சிலிருந்து நிற்கும் தண்டுக்குக் கால் திருப்பு திருப்பி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டினால் முன்னே போகும்போது அருமையாக ஓடும். ரிவர்ஸ் எடுத்த உடனே கழன்று விழும். பெல்ட் எந்தப் புல்லிக்குள் நுழைகிறதோ அதற்கு நேராக வந்தால்தான் பள்ளத்தில் நிற்கும். திசை மாறினால் நுழையும் பக்கம் மாறிவிடுகிறது, பெல்ட் சாய்வாக வந்து ஏறிவிடுகிறது. முன்னும் பின்னும் போய் ஷன்டிங் செய்யும் ரயிலுக்கு இது ஆகாது.

ஆகவே கிரீடப் பல்சக்கரம்: தட்டையான முகத்தில் கிரீடம் போலப் பல் நிற்கும் சக்கரம். அச்சில் 12 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்), நிற்கும் தண்டில் 48 பல் கிரீடம், இரண்டும் 0.5 மாட்யூல் (பல்லின் அளவு). தண்டு அச்சுக்கு நேர் மேலே நிற்கும். பினியன் தண்டின் நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளி. டிரம்மின் எடையும் அதே அச்சில் இறங்குவதால் சக்கரம் வழுக்காது. ஒரு மீட்டருக்குச் சக்கரம் பத்துச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும், டிரம் இரண்டரைச் சுற்று. மாவு அரைபடுவது கண்ணுக்குத் தெரிய இந்த வேகம்தான் சரி. பல் பொருத்தும்போது நடுவே செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து, இறுக்கிவிட்டு உருவி எடுங்கள். அந்த இடைவெளி போதும். அதைவிட நெருக்கினால் தூசி பட்டதும் இறுகி, சக்கரம் சுற்றாமல் இழுபடும்.

டிரம்முக்கு எவர்சில்வர் டம்ளர், அடியிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் வெட்டியது. அடியில் துளை போட வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்தித் துளையிடுங்கள். ட்ரில் பிட் வெட்டாமல் தேய்ந்துகொண்டிருந்தால் எவர்சில்வர் அந்த இடத்தில் கெட்டிப்பட்டு, அப்புறம் எந்த பிட்டும் இறங்காது.

இந்த வேகனின் உயிர் கல்லில் இருக்கிறது. கல்லுக்கு நைலான் கம்பியில் கடைந்த இரண்டு கூம்புகள்: பெரிய முனை 14 மி.மீ., சிறிய முனை 3.5. கூம்பின் கோடுகளை நீட்டினால் டிரம்மின் நடுவில், அடித்தளத்திலேயே போய்ச் சேர வேண்டும். அதற்கு அச்சுக் கம்பி வெளிப்பக்கம் 17 டிகிரி மேலே சாயும். டிரம்மின் ஓரம் வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் போவதால் நேர் உருளை ஒரு பக்கம் வழுக்கும். கூம்பு முழு நீளமும் ஒட்டி உருளும். நிஜ கிரைண்டரில் கூம்புக் கல் உருளுவதும் இதனால்தான். நைலான் எடை குறைவு, பிடிப்பு போதாது. டிரம்மின் உள்ளே அடித்தளத்தில் 400 எண் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால் உருளும். கல்லின் நிறத்துக்குச் சாம்பல் அடித்து, பழைய பல்துலக்கியில் கறுப்பும் வெள்ளையும் தெறிக்க விடலாம். மாவு, ஃபெவிகாலில் கலந்த வெள்ளை அக்ரிலிக். கல் படும் தடத்தை விட்டு ஓரத்தில் மட்டும்.

மற்றவை எளிது. இளநீருக்கு 11 மி.மீ. மர மணிகள், பச்சைப் பெயின்ட். மஞ்சள் வேகனுக்கு நிஜ மஞ்சள் வேண்டாம். வெயிலில் நிறம் போகும், வண்டு வைக்கும். மரக் குச்சிகளை நறுக்கி நிறம் பூசுங்கள். 3டி பிரின்ட் எடுக்கும் பாகங்களுக்கு பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் கூடாது. 60 டிகிரியை ஒட்டி அது இளகும்; சித்திரை வெயிலில் கறுப்பு வண்டி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் தாங்கும்.

பனியன் வேகன் இன்னும் பாக்கி. கட்டிங் வேஸ்ட் துணியில் குட்டிக் குட்டி பனியன்கள், ஃபெவிகால் ஒரு பங்கு தண்ணீர் மூன்று பங்கில் நனைத்துக் கொடியில் காய வைத்தது. பார்க்க அழகு, ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்குக் கொடி முழுக்கப் பாய்மரம். வண்டி மொத்தம் 500 கிராமுக்குக் குறையாமல், அச்சுகளுக்கு நடுவே தகட்டின் அடியில் ஈயக்கட்டி ஒட்டி எடை ஏற்ற வேண்டும். கொடிக்கம்பத்தையும் 110 மி.மீ.க்கு மேல் உயர்த்தக் கூடாது.