படக் கேலரிக்கு லேஅவுட்: மூன்று முறை பிரித்துக் கட்டிய அனுபவம்

மொத்தம் 640 படங்கள். பாதிக்கு மேல் கேமராவில் எடுத்த 3:2 (அகலம்:உயரம்) படங்கள். மீதி மொபைலில் எடுத்தவை, அவற்றில் பெரும்பாலும் நெடுக்குவாட்டுப் படங்கள். கூடவே ஏழெட்டு பனோரமா. இவற்றை இணையப் பக்கத்தில் அடுக்க ஒரு லேஅவுட் முடிவு செய்வது ஒரு மாலை வேலை என்று போட்ட கணக்கு மூன்று வாரம் இழுத்தது. படங்களைத் தேர்ந்தெடுத்தது, தலைப்பு எழுதியது, ஏற்றியது எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. சிக்கல் முழுக்க அடுக்குவதில்தான்.

முதல் தவறு, டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுத்தது. அதில் இருந்த பன்னிரண்டு படங்களும் ஒரே விகிதம். எல்லாவற்றிலும் பொருள் நட்டநடுவில், சுற்றிலும் காலி இடம். அப்படிப்பட்ட படங்களை எப்படி அடுக்கினாலும் அழகாகத்தான் இருக்கும். சோதனைக்கு உங்கள் தொகுப்பிலேயே அடங்காத படங்களாகப் பார்த்துப் பத்து எடுங்கள்: ஒரு பனோரமா, ஓரம் வரை ஆட்கள் நிற்கும் ஒரு குழுப் படம், ஒருவர் முழு உயரத்துக்கு நிற்கும் நெடுக்குப் படம், 800 பிக்சல் அகலம்கூட இல்லாத பழைய ஸ்கேன் ஒன்று, மூன்று வரி தலைப்புள்ள படம் ஒன்று என்பது போல. இந்தப் பத்தும் தேறினால் மீதி 630 தானாகத் தேறும். இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் போட்டது சதுரக் கட்டங்கள். பக்கம் ஒழுங்காகத் தெரியும், எழுதுவதும் சுலபம். ஆனால் சதுரம் எவ்வளவு வெட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3:2 படத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது, 4:3 படத்தில் கால் பங்கு போகிறது, 16:9 படத்தில் 44 சதவீதம் போகிறது. நடுவை வைத்துக்கொண்டு இரு பக்கமும் சமமாக வெட்டுவதுதான், படத்தால் பெட்டியை நிரப்பும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கட்டளையான ஆப்ஜெக்ட்-ஃபிட் கவரின் இயல்பு. 2:3 நெடுக்குப் படத்தில் மேலே ஆறில் ஒரு பங்கும் கீழே ஆறில் ஒரு பங்கும் மறையும். நிற்கும் ஆளின் தலை பெரும்பாலும் அந்த மேல் ஆறில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. வரிசையாகத் தலையில்லாத உருவங்கள்! நெடுக்குப் படங்களுக்கு மட்டும் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட்-பொசிஷனை 50% 20% என்று மாற்றியதும் பெரும்பாலான தலைகள் திரும்பி வந்தன. குழுப் படத்துக்கு அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் யாரோ ஒருவர் வெளியே போகிறார். பார்க்க வருபவர் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான், அது சிறுபடத்தில் இல்லையென்றால் அவர் அந்தப் படத்தைத் திறக்கவே மாட்டார். அத்தோடு சதுரத்தைக் கைவிட்டோம். ஆல்பங்களின் அட்டைப் படங்களை வரிசையாகக் காட்டும் முகப்புப் பக்கத்தில் மட்டும் அதை விட்டுவைத்தோம், அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: கட்டங்களுக்கு ஆட்டோ-ஃபிட் என்று எழுதினால், இரண்டே ஆல்பம் இருக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றும் பாதித் திரைக்கு ஊதிவிடும். ஆட்டோ-ஃபில் என்று எழுதினால் அளவு மாறாது.

அடுத்தது மேசன்ரி. ஒரே அகலத்தில் பத்திகள், ஒவ்வொரு படமும் தன் உயரத்துக்கு. வெட்டே இல்லை என்பதால் பார்த்ததும் பிடித்துப்போனது. பத்தி பிரிக்கும் சிஎஸ்எஸ் காலம்ஸ் வைத்து நாலு வரியில் செய்தும் முடித்தாயிற்று. மறுநாள்தான் வரிசை குலைந்திருப்பது கண்ணில் பட்டது. காலம்ஸ் படங்களை மேலிருந்து கீழாக நிரப்பும். நாற்பது படம், நான்கு பத்தி என்றால், ஏறக்குறைய முதல் படத்துக்கு நேர் வலப்பக்கம் பதினொன்றாவது படம் நிற்கிறது. மொபைலில் இரண்டு பத்தி, அங்கே முதல் படத்துக்குப் பக்கத்தில் இருபத்தொன்றாவது. காலையிலிருந்து மாலைவரை நடந்த ஒரு நிகழ்ச்சியில் தொடக்கமும் நடுப்பகுதியும் அருகருகே வந்து நிற்கின்றன. ‘மேலும்’ பொத்தானை அழுத்தினால் இன்னும் மோசம். புதுப் படங்கள் சேர்ந்ததும் பத்திகள் மறுபடி சமன் செய்யப்படுகின்றன, பார்த்துக்கொண்டிருந்த படம் வேறு பத்திக்குத் தாவிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, எந்தப் பத்தி குட்டையாக இருக்கிறதோ அதில் அடுத்த படத்தைப் போட்டால் வரிசை ஓரளவு நிற்கும். அதையும் செய்து பார்த்தோம். அப்போது வேறொரு அநியாயம் தெரிந்தது: 285 பிக்சல் பத்தியில் 2:3 நெடுக்குப் படத்துக்கு 428 பிக்சல் உயரம் கிடைக்கிறது, 3:2 படத்துக்கு 190தான். பரப்பில் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். 4:1 பனோரமாவோ 71 பிக்சல் உயரத்தில் ஒரு நாடாவாகச் சுருங்கிவிட்டது. நெடுக்குப் படங்களே அதிகம், வரிசை முக்கியமில்லை என்றால் மேசன்ரி அருமையான தேர்வு. எங்கள் தொகுப்பு இரண்டுக்கும் நேர் எதிர்.

கடைசியில் நின்றது வரிசைக்கு வரிசை ஒரே உயரமாக, இரு ஓரமும் சமமாக முடியும் ஜஸ்டிஃபைட் அடுக்கு. கணக்கு எளிது. பக்க அகலத்திலிருந்து இடைவெளிகளைக் கழித்து, அந்த வரிசைப் படங்களின் அகல-உயர விகிதங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரிசையின் உயரம் வரும். 1200 பிக்சல் அகலம், 8 பிக்சல் இடைவெளி, இரண்டு 3:2 படம், ஒரு 2:3 படம் என்றால், 1184ஐ 3.667ஆல் வகுக்க 323 பிக்சல். வெட்டு இல்லை, இடமிருந்து வலமாக வரிசை மாறவில்லை, பனோரமா தனி வரிசையாக முழு அகலத்துக்கு 300 பிக்சல் உயரத்தில் கம்பீரமாக நிற்கிறது. நெடுக்குப் படங்களுக்கு இங்கே இடம் குறைவுதான், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இதிலும் முழுசாக இரண்டு நாளைத் தின்ற ஒரு பிழை இருந்தது. சில படங்கள் மட்டும் அகலமான பெட்டிக்குள், மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நடுத்துண்டு மட்டும் தெரிந்தன. சிஎஸ்எஸ்ஸில் தேடித் தேடி ஒன்றும் அகப்படவில்லை. பிழையான படங்கள் எல்லாமே மொபைல் படங்கள் என்று கவனித்த பிறகுதான் விடை கிடைத்தது. மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கோப்புக்குள் பிக்சல்கள் 4032×3024 என்று கிடைமட்டமாகவே இருக்கலாம். ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு கோப்போடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் தகவலில் தனியாக இருக்கும், பெரும்பாலும் ஓரியன்டேஷன் 6 என்று. உலாவி அதைப் படித்துப் படத்தை நிமிர்த்திக் காட்டுகிறது. அளவைக் கணக்கிட்ட எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் படிக்கவில்லை. 0.75 என்று வர வேண்டிய விகிதம் 1.33 என்று வந்து, அந்த வரிசையையே கெடுத்துவிட்டது. மொபைல் படங்களிலும் எல்லாம் கெடவில்லை, ஏனென்றால் சில எடிட்டிங் செயலிகள் சேமிக்கும்போதே பிக்சல்களைத் திருப்பிவிடும். அதனால்தான் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம்.

தீர்வு, சிறுபடம் தயாரிக்கும்போதே பிக்சல்களைத் திருப்பிவிட்டு, அதன்பின் அளவைப் படிப்பது. படங்களை மாற்றும் கருவியான இமேஜ்மேஜிக்கில், பிக்சல்களைத் திருப்பும் ஆட்டோ-ஓரியன்ட் முதலில், கூடுதல் தகவலை அழிக்கும் ஸ்ட்ரிப் கடைசியில். மாற்றிப் போட்டால் திருப்பும் குறிப்பு முதலிலேயே அழிந்து, படம் படுத்தபடியே கிடக்கலாம். ஸ்ட்ரிப் நிற புரொஃபைலையும் சேர்த்து அழிக்கும் என்பதால், அடோபி ஆர்ஜிபி நிற முறையில் இருக்கும் படங்களை அதற்கு முன்பே இணையத்தின் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சிவப்பும் பச்சையும் வெளிறிப்போகும். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் இதே படியில் நீங்கிவிடுவது பெரிய நிம்மதி.

கடைசி வரிசையும் ஒரு கண்ணி. ஒரே ஒரு நெடுக்குப் படம் மிஞ்சினால் அது 1200 அகலம், 1800 உயரத்துக்கு விரிந்து திரையை விழுங்கும். சிஎஸ்எஸ்ஸின் ஃப்ளெக்ஸ் முறையில் செய்தால், கடைசியில் ஒரு வெற்று உறுப்பு வைத்து அதற்கு மிகப் பெரிய ஃப்ளெக்ஸ்-க்ரோ (விரியும் பங்கு) கொடுங்கள், மிச்ச இடத்தை அது எடுத்துக்கொள்ளும். மொபைலுக்கு இலக்கு உயரத்தை (ஒரு வரிசைக்கு நாம் குறிவைக்கும் உயரம்) தனியாகக் குறைக்க வேண்டும். 320 என்று விட்டால் 360 பிக்சல் திரையில் ஒரு வரிசைக்கு ஒரு படம்தான் வரும். 170 என்று வைத்தால் ஒரு கிடைமட்டப் படமும் ஒரு நெடுக்குப் படமும் சேர்ந்து 162 உயரத்தில் கச்சிதமாக உட்காருகின்றன. பனோரமா அங்கே 90 பிக்சல்தான், அதற்கு வழியில்லை.

தலைப்புகளைப் படத்துக்குக் கீழே வைக்க முயலாதீர்கள், ஒரு நீளத் தலைப்பு வந்தால் வரிசையின் உயரம் சிதறும். மவுஸ் மேலே வந்தால் தெரியும்படி வைத்தால் தொடுதிரையில் அது யாருக்கும் தெரியாது. படத்தைப் பெரிதாகத் திறக்கும் லைட்பாக்ஸில் வைப்பதே சரி. அந்த லைட்பாக்ஸ் திறந்திருக்கும்போது மொபைலின் பேக் பொத்தான் அதை மட்டும் மூட வேண்டும். எங்களுடையது முதலில் பக்கத்தை விட்டே வெளியேற்றியது.

ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறியீட்டிலேயே எழுதிவிடுங்கள், படங்கள் வரவரப் பக்கம் குதிப்பது நிற்கும். ஒரே படத்தின் பல அளவுக் கோப்புகளைப் பட்டியலிடும் ஸ்ர்க்செட்டோடு (srcset), படம் எவ்வளவு அகலத்தில் தெரியும் என்று சொல்லும் சைஸஸ் (sizes) கொடுக்க மறந்தால், படம் திரை அகலம் முழுக்க வரப்போகிறது என்று உலாவி எடுத்துக்கொண்டு, 215 பிக்சல் பெட்டிக்கு 1600 பிக்சல் கோப்பை இறக்கும். படம் திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங்கை முதல் இரண்டு வரிசைக்குப் போட வேண்டாம், கண்ணெதிரே இருக்கும் படம்தான் தாமதமாகும்.

முடிவில்லாமல் நீளும் ஸ்க்ரோலை ஒரே நாளில் எடுத்துவிட்டோம். முந்நூறாவது படத்தைத் தனிப் பக்கத்தில் திறந்துவிட்டுத் திரும்பினால் முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இப்போது ஆல்பத்துக்கு 60 முதல் 80 படம், ஒவ்வொரு ஆல்பமும் தனிப் பக்கம். அந்தப் பத்துச் சோதனைப் படங்களையும் 360, 768, 1440 அகலங்களில் வைத்துப் பார்த்தாயிற்று. குழுப் படத்தின் இரு ஓரத்திலும் நிற்பவர்கள் சிறுபடத்திலேயே முழுசாகத் தெரிகிறார்கள்.