டேவிஸ்-பெஸ்ஸி: மூடியைத் தின்ற போரிக் அமிலம்

அணு உலையில் கசிவு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?" என்றுதான். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அந்த இரண்டாவது கேள்வியைப் பல ஆண்டுகள் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

இது அழுத்த நீர் உலை, அதாவது தண்ணீர் கொதிக்காதபடி அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் உலை. நியூட்ரான்களை உறிஞ்சி வினையைக் கட்டுக்குள் வைக்க, உலைத் தண்ணீரில் போரிக் அமிலம் கரைத்திருப்பார்கள். கூடங்குளத்திலும் இதே ஏற்பாடுதான். உலைக்கலத்தின் மூடி ஏறக்குறைய 17 செ.மீ. தடிமனுள்ள குறைகலப்பு எஃகு, அதாவது பிற உலோகங்கள் கொஞ்சமே கலந்த, துருப்பிடிக்கக்கூடிய எஃகு. தண்ணீர் படும் உள்பக்கத்தில் மட்டும் சுமார் 1 செ.மீ.க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூச்சு. கட்டுப்பாட்டுக் கம்பிகள் இறங்குவதற்காக மூடியைத் துளைத்து 69 குழாய்கள், அதாவது நாசில்கள், செருகி உள்பக்கம் வெல்டு செய்திருக்கிறார்கள். நாசிலின் உலோகம் அலாய் 600 என்ற நிக்கல் கலவை. வெல்டு விட்டுச்சென்ற இழுவிசையும் 300 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீரும் சேர்ந்தால் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிசல் விடும்.

விரிசல் வழியே வரும் நீர், நாசிலுக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் ஏறி வெளியே வருகிறது. மூடி அவ்வளவு சூடாக இருப்பதால் நீர் நொடியில் ஆவியாகி, வெள்ளைப் பொடி மட்டும் தங்கும். காய்ந்த போரிக் அமிலம் எஃகை அதிகம் அரிக்காது. இதுதான் அன்றைய பொறியாளர்களின் கணக்கு. கசிவு மிகச் சிறிதாக இருக்கும்வரை அது சரியும்கூட. விரிசல் நீண்டு கசிவு கூடும்போது, ஆவியாகும் நீரே அந்த இடத்தைக் குளிரவைத்துவிடுகிறது. அப்போது அங்கே நிற்பது பொடியல்ல, ஈரமான அடர் அமிலம். காற்றும் கூடக் கிடைத்து 100 டிகிரியை ஒட்டிய வெப்பமும் இருந்தால், இந்த எஃகை ஆண்டுக்குச் செ.மீ. கணக்கில் தின்னும்.

விதிப்படி, எங்கே போகிறதென்று தெரியாத கசிவு நிமிடத்துக்கு 1 கேலனை, அதாவது 3.8 லிட்டரை, தாண்டினால் உலையை நிறுத்த வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸியில் கடைசிக் காலத்தில்கூட அது 0.2 கேலன் அளவில்தான் இருந்தது. தொட்டி மட்டம், உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கலத்தின் மட்டம், வெப்பநிலை ஆகியவற்றை வைத்து வரவு செலவு பார்த்துக் கண்டுபிடிக்கும் எண் இது. குழாய் உடையப் போவதை முன்கூட்டிச் சொல்லத்தான் அந்த வரம்பு. அமில அரிப்பு அதற்கு வெகு கீழேயே நடந்து முடிந்துவிடும்.

எண் பேசாததை மற்றவை பேசின. உலைக் கட்டடத்துக்குள் காற்றைக் குளிர்விக்கும் கருவிகளில் போரான், அதாவது காய்ந்த போரிக் அமிலப் பொடி, படிந்து, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டிவந்தது. மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கதிரியக்க அளவி ஃபில்டரை 2001 இறுதியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினார்கள். அதில் இருந்தது வெறும் போரான் அல்ல, இரும்பு ஆக்சைடும்தான். இரும்புத் துரு காற்றில் பறக்கிறதென்றால் எங்கோ எஃகு கரைகிறது. வேறு விளக்கம் கிடையாது. 2000 ஏப்ரல் ஷட்டவுனில், மூடியின் ஓரத் துவாரங்கள் வழியே செம்பழுப்பு நிறத்தில் போரான் வழிந்து உறைந்திருந்ததைப் படமே எடுத்திருந்தார்கள்.

பிறகும் ஏன் விட்டார்கள்? மூடிக்கு மேலே இருக்கும் ஃப்ளாஞ்சுகளில், அதாவது போல்ட் போட்ட குழாய் இணைப்புகளில், கேஸ்கட் கசிவது அங்கே வழக்கம். "மேலிருந்து சொட்டியது" என்ற பதில் எப்போதும் தயாராக இருந்தது. பார்ப்பதும் சுலபமில்லை. வெப்பக்காப்புக்கும் மூடியின் உச்சிக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளிதான், கேமராவை ஓரத்துச் சிறு துவாரங்கள் வழியே குச்சியில் கட்டி விட வேண்டும். பெரிய திறப்பு வெட்டும் யோசனை 1990-லேயே வந்து, தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. என்னைக் கேட்டால் முழுக் கதையிலும் மோசமான முடிவு இதுதான். பார்க்க வழியில்லாத இடத்தைப் பற்றி எந்த விளக்கமும் எடுபடும்.

2001-இல் அமெரிக்காவின் இன்னொரு அணுமின் நிலையமான ஒக்கோனியில் நாசிலைச் சுற்றி வட்டமாக ஓடிய விரிசல்கள் தெரிந்ததும், இதே வகை உலைகளை டிசம்பர் 31-க்குள் சோதிக்க வேண்டும் என்றது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். நிறுத்த உத்தரவின் வரைவுகூடத் தயாரானது. நிலையத்தை நடத்தியவர்கள் பேரம் பேசி 2002 பிப்ரவரி 16 வரை ஓட்டினார்கள். மார்ச்சில் 3-ஆம் எண் நாசிலைச் சரிசெய்யும்போது நாசிலே அசைந்து சாய்ந்தது. போரானை அகற்றிப் பார்த்தால், ஒரு தேங்காயை உட்கார வைக்கக்கூடிய பள்ளம். எஃகு முழுத் தடிமனுக்கும் போய்விட்டது. சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நின்றது அடியிலிருந்த ஸ்டெயின்லெஸ் பூச்சு மட்டுமே. அதுவும் வெளிப்பக்கம் புடைத்திருந்தது.

இன்று செய்யும் சோதனை இது: காப்பை விலக்கி, ஒவ்வொரு நாசிலையும் சுற்றி 360 டிகிரியும் வெறும் உலோகத்தைக் கண்ணால் பார்ப்பது, நாசிலுக்குள்ளிருந்து அல்ட்ராசோனிக் என்ற மீயொலிச் சோதனை, வெல்டில் விரிசலை மின்காந்தத்தால் தேடும் எடி கரண்ட் சோதனை. நாசில் அடியில் சோளப்பொரி போல வெள்ளைத் துணுக்கு இருந்தால் அங்கேயே கசிகிறது என்று பொருள். நிறம் சிவப்பானால் இரும்பு போகிறது. பழைய படிவா புதியதா என்ற சந்தேகம் வந்தால், துணுக்கில் சீசியம்-134, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள்களின் விகிதத்தைப் பார்க்கலாம். முன்னதன் அரை ஆயுள் 2 ஆண்டு, பின்னதன் 30 ஆண்டு என்பதால் வயது ஓரளவு தெரியும். எதுவானாலும் படிவைத் துடைத்துச் சுத்தமாக்காமல் உலையைத் திரும்பக் கிளப்பக் கூடாது. பழையதன் மேல் புதியது படிந்தால் அடுத்த சோதனையில் ஒன்றும் புரியாது.

நிலையம் 2004 மார்ச் வரை நின்றது. கட்டி முடிக்கப்படாத மிட்லண்ட் நிலையத்தின் மூடியை வாங்கிப் பொருத்தினார்கள். அதிலும் நாசில் அலாய் 600-தான். 2010-இல் அதுவும் விரிசல் விட, 2011-இல் எளிதில் விரிசல் விடாத அலாய் 690 நாசில்களோடு புது மூடி வந்தது. அதை உள்ளே கொண்டுபோகக் கான்கிரீட் கட்டடத்தில் திறப்பு வெட்டியபோது, கட்டடச் சுவரிலேயே விரிசல் இருப்பது தெரிந்தது.