லேப்டாப்பில் விஎம்முக்கு நெட் வரவில்லையா? பாக்கெட் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விஎம்முக்குள் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) நெட் வரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, செட்டிங்ஸைத் திறந்து நேட்டை (லேப்டாப்பின் முகவரியிலேயே விஎம் வெளியே போகும் முறை) பிரிட்ஜாக (விஎம் தனிக் கணினிபோல் நெட்வொர்க்கில் நேராகச் சேரும் முறை) மாற்றுவது. சரிவரவில்லை என்றால் மறுபடி நேட். அப்புறம் அடாப்டர் வகையை மாற்றுவது. அதுவும் ஆகாவிட்டால் விஎம்மையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. இதற்கு நடுவில் எப்போதோ நெட் வந்துவிடும். எதனால் வந்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பாக்கெட் (நெட்டில் போகும் தரவுத் துண்டு) எதுவரை போகிறது என்று பார்த்துவிடுங்கள். விஎம்மை ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம், ஹைப்பர்-வி எதுவானாலும் இது பொருந்தும்.

முகவரியே பாதி விடை

விஎம்முக்குள் ஐபி முகவரியைப் பாருங்கள். லினக்ஸில் ‘ஐபி ஏ’, விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’.

10.0.2.15 என்று இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் நேட் வேலை செய்து முகவரியும் கொடுத்துவிட்டது. 192.168.122 என்று தொடங்கினால் அது கேவிஎம்மில் லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அமைக்கும் வழக்கமான நேட். 192.168.56 என்றால் விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி, அதாவது லேப்டாப்போடு மட்டும் பேசும் நெட்வொர்க். அதில் வெளியுலகம் கிடையாது, அதன் வடிவமைப்பே அப்படித்தான். அதில் உட்கார்ந்துகொண்டு இணையம் ஏன் வரவில்லை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 169.254 என்று தொடங்கினால், விஎம் முகவரி கேட்டும் எந்த டிஹெச்சிபி சர்வரும் (முகவரி வழங்கும் சர்வர்) பதில் சொல்லவில்லை என்று பொருள். முகவரியே இல்லாமல் இன்டர்ஃபேஸ் ‘நோ கேரியர்’ என்று காட்டினால், அடாப்டர் செட்டிங்ஸில் ‘கேபிள் கனெக்டட்’ டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விஎம்வேரில் இதே இடத்தில் ‘கனெக்ட் அட் பவர் ஆன்’ இருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டாவது அடாப்டரைச் சேர்த்தவர்கள் அடிக்கடி மாட்டும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் விஎம்மில் முதல் அடாப்டர் பொதுவாக இஎன்பி0எஸ்3, இரண்டாவது இஎன்பி0எஸ்8. உபுண்டு சர்வரை நிறுவும்போது நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) முதலாவது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். பிறகு சேர்த்த இரண்டாவதற்கு அதில் இடம் இல்லாததால் முகவரி இல்லாமல் சும்மா கிடக்கும். கோப்பில் அதற்கும் ஒரு பகுதி எழுதி, டிஹெச்சிபியை இயக்கி, ‘நெட்பிளான் அப்ளை’ கொடுத்தால் போதும்.

படிப்படியாக நான்கு பிங்

முகவரி இருக்கிறது என்றால், ‘ஐபி ரூட்’ கொடுத்து ‘டிஃபால்ட்’ வரியில் உள்ள கேட்வேயை (பாக்கெட் வெளியே போகும் வாசல்) பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் 10.0.2.2, லிப்வர்ட்டில் 192.168.122.1. விஎம்வேர் நேட்டில் கேட்வே .2 என்று முடியும், .1 லேப்டாப்பின் சொந்த முகவரி. கையால் முகவரி எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை). அடுத்து லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கின் ரவுட்டருக்கு. மூன்றாவது 1.1.1.1 என்ற வெளி இணைய முகவரிக்கு. நான்காவது ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. கேட்வேயே கிடைக்கவில்லை என்றால் கோளாறு லேப்டாப்புக்குள்ளேயே, விஎம்முக்கும் மெய்நிகர் சுவிட்சுக்கும் நடுவில் இருக்கிறது. கேட்வே கிடைத்து, வெளியே போகவில்லை என்றால் லேப்டாப்பின் ஃபயர்வால், ஃபார்வர்டிங் (பாக்கெட்டை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது), விபிஎன் ஆகியவற்றில் ஒன்று. 1.1.1.1 கிடைத்து, பெயர் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை. நான்கும் கிடைத்தும் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) அல்லது கடிகாரம். அந்த இரண்டுக்கும் பின்னால் வருகிறேன்.

பிங் எப்போதும் உண்மை சொல்லாது. க்யூஇஎம்யு என்ற விஎம் மென்பொருளின் யூசர் மோட் நெட்வொர்க்கில் வெளியுலகுக்கான பிங் பெரும்பாலும் போகாது, ஆனால் வலைத்தளங்கள் நன்றாகத் திறக்கும். விண்டோஸ் விஎம், ஃபயர்வால் இயல்பு நிலையில் இருந்தால், வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்லாது. அதனால் லேப்டாப்பிலிருந்து விண்டோஸ் விஎம்முக்கு பிங் போகவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். லினக்ஸ் விஎம்மில் ‘ஐபி நெய்’ கொடுத்துப் பாருங்கள். கேட்வேக்கு நேராக ஒரு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரிந்தால் கீழ்மட்ட இணைப்பு சரி. ‘ஃபெய்ல்ட்’ என்று இருந்தால் கேட்வேயைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

வைஃபையும் பிரிட்ஜும்

மேசைக் கணினியில் கேபிளோடு ஒழுங்காக ஓடும் பிரிட்ஜ், லேப்டாப்பில் வைஃபை என்றதும் தடுமாறுகிறது. லேப்டாப்பிலிருந்து அக்சஸ் பாயின்டுக்குப் போகும் சாதாரண வைஃபை ஃபிரேமில் (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) மூன்று முகவரிகளுக்குத்தான் இடம்: அக்சஸ் பாயின்ட், அனுப்பும் லேப்டாப், சேர வேண்டிய இடம். ‘இதை அனுப்புவது நான், ஆனால் எழுதியது எனக்குள் இருக்கும் விஎம்’ என்று சொல்ல நான்காவது முகவரிக்கு இடமில்லை. தன்னிடம் பதிவுசெய்து இணைந்த மேக் முகவரியை மட்டுமே அக்சஸ் பாயின்ட் ஏற்கும். விஎம்மின் மேக் முகவரி அங்கே பதிவாகவில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் இதை ஒரு உத்தியால் சமாளிக்கிறது. வெளியே போகும் ஃபிரேமில் விஎம்மின் மேக் முகவரியை எடுத்துவிட்டு லேப்டாப்பின் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் வரும்போது ஐபி முகவரியைப் பார்த்து உரிய விஎம்மிடம் சேர்க்கிறது. பல வைஃபை நெட்வொர்க்குகளில் இது போதும். சிலவற்றில் போதாது. டிஹெச்சிபி கோரிக்கையின் உடலுக்குள்ளே விஎம்மின் அசல் மேக் முகவரி எழுதப்பட்டிருக்கும். ரவுட்டர் பதிலை அந்த முகவரிக்கே நேராக அனுப்பினால் அது வந்து சேராது, விஎம் 169.254க்குப் போய்விடும். லினக்ஸில் கையால் பிரிட்ஜ் உருவாக்கி அதில் வைஃபை கார்டைச் சேர்க்கப் பார்த்தால் கெர்னலே மறுத்து, ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று சொல்லிவிடும். அது உங்கள் தவறல்ல. நான்கு முகவரி முறையை அக்சஸ் பாயின்டும் கார்டும் சேர்ந்து ஆதரித்தால் ஒழிய அந்த வழி திறக்காது.

கேபிளிலும் எல்லா இடத்திலும் பிரிட்ஜ் ஓடாது. அலுவலக சுவிட்சுகள் ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் முகவரி என்று கட்டுப்படுத்தியிருக்கலாம். இரண்டாவது முகவரி தெரிந்ததும் சில சுவிட்சுகள் போர்ட்டையே மூடிவிடும், லேப்டாப்பின் நெட்டும் சேர்ந்து போய்விடும். டாக்கில் (லேப்டாப்பின் இணைப்புப் பெட்டி) மாட்டியிருந்த யுஎஸ்பி ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்து பிரிட்ஜ் அமைத்தவர்கள், டாக்கைக் கழற்றியதும் அந்த அடாப்டரே இல்லாததால் நெட்டை இழப்பார்கள். விஎம்வேரில் பிரிட்ஜ் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் அது தவறான கார்டைப் பிடித்துக்கொள்ளலாம். விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரில் போய்ச் சரியான கார்டைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

என் பரிந்துரை இதுதான்: இடம் மாறிக்கொண்டே இருக்கும் லேப்டாப்பில் பிரிட்ஜை விட்டுவிடுங்கள். விஎம்முக்கு இரண்டு அடாப்டர் கொடுங்கள். முதலாவது நேட், வெளியே போக. இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி, லேப்டாப்பும் விஎம்மும் பேசிக்கொள்ள. எந்த வைஃபைக்குப் போனாலும் இரண்டும் மாறாது. ஒரே எச்சரிக்கை: ஹோஸ்ட்-ஒன்லிக்கு நிலையான முகவரி கொடுக்கும்போது கேட்வேயை வெறுமையாக விடுங்கள். அங்கே 192.168.56.1 என்று நிரப்பினால் விஎம்முக்கு இரண்டு வாசல் ஆகிவிடும். வெளியே போக வேண்டிய பாக்கெட் மூடிய வாசலில் போய் முட்டும்.

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 முதல் லினக்ஸ், மேக்ஓஎஸ் லேப்டாப்புகளில் ஹோஸ்ட்-ஒன்லிக்கு 192.168.56.0/21 வரம்புக்குள், அதாவது 192.168.63.255 வரையிலான முகவரிகள்தான் இயல்பாக அனுமதி. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து 10 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தால் மறுக்கும். ஈடிசி அடைவின் கீழ் விபாக்ஸ் என்ற அடைவை உருவாக்கி, ‘நெட்வொர்க்ஸ்’ என்ற பெயரில் ஒரு கான்ஃப் கோப்பு வைத்து, நட்சத்திரக் குறி போட்டு, இடம்விட்டு, வேண்டிய வரம்பை எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

நேட்டோடு மட்டும் சமாளிக்கிறவர்கள் போர்ட் ஃபார்வர்டிங் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பின் 2222ஐ விஎம்மின் 22க்குத் திருப்பினால் எஸ்எஸ்ஹெச் (வெளியிலிருந்து விஎம்முக்குள் நுழையும் வழி) கிடைக்கும். திருப்பிய பிறகும் ஒரு வெப் சர்வர் கிடைக்கவில்லை என்றால், விஎம்முக்குள் ‘எஸ்எஸ்’ கட்டளையால் அது எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அது தனக்குத்தானே மட்டும் பேசிக்கொள்ளும். திருப்பி அனுப்பிய பாக்கெட் 10.0.2.15க்குத்தான் வருகிறது. சர்வரை 0.0.0.0இல் காத்திருக்கச் சொல்லுங்கள்.

விபிஎன் போட்டதும் நின்றால்

விபிஎன் இணைத்ததும் விஎம் படுத்துவிடுவதற்குக் காரணங்கள் பல. பிரிட்ஜில் இருக்கும் விஎம், லேப்டாப்பின் விபிஎன்னைப் பயன்படுத்தாது, நேராக ரவுட்டருக்குப் போய்விடும். அலுவலகச் சர்வர்கள் அதற்குத் தெரியாமல் போவது இயல்பு. நேட்டில் இருந்தால், விபிஎன்னுக்கு அப்பால் இருக்கும் நெட்வொர்க்கும் விஎம் நெட்வொர்க்கும் ஒரே முகவரி வரம்பில் மோதலாம். டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளின் 172.17.0.0/16, ஹைப்பர்-வியின் டிஃபால்ட் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும் 172 வரிசை முகவரிகள் இதில் அடிக்கடி சிக்கும். லேப்டாப்பின் ரூட் அட்டவணையில் ஒரே வரம்பு இரண்டு இடத்தில் தெரிந்தால், விஎம் பக்கத்து வரம்பை மாற்றுவதுதான் எளிது.

கண்டுபிடிக்கக் கடினமானது எம்டியு. பிங் போகும், எஸ்எஸ்ஹெச் இணையும், ஆனால் வலைத்தளம் பாதியில் தொங்கும். விபிஎன் தன் உறையைச் சுற்றுவதால் பாக்கெட்டுக்குள் இடம் 1500 பைட்டிலிருந்து குறைகிறது. விஎம்முக்கு அது தெரியாது. சிறிய பாக்கெட்டுகள் நுழைந்துவிடும். சான்றிதழை ஏந்தி வரும் பெரிய பாக்கெட்டுகள் வழியில் விழும். ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்ற ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால் விஎம்முக்குக் கடைசிவரை தெரியாது.

உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1500. அது போகவில்லை என்றால் ஐம்பது ஐம்பதாகக் குறையுங்கள். 1372 போனால் எம்டியு 1400. விஎம்மின் இன்டர்ஃபேஸில் அதை வைத்ததுமே தொங்கிய தளங்கள் திறக்கும். கேவிஎம், ஹைப்பர்-வி இரண்டிலும் இதை அதிகம் எதிர்பார்க்கலாம், ஏனெனில் அவை பாக்கெட்டை அப்படியே கடத்துகின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் நேட்டில் டிசிபி இணைப்பை லேப்டாப்பே தன் பெயரில் புதிதாகத் திறப்பதால் இந்தச் சிக்கல் அபூர்வம்.

கேவிஎம் இருக்கும் லேப்டாப்பில் டாக்கரை நிறுவிய பிறகு விஎம்முக்கு நெட் நின்றால், ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்) ‘ஃபார்வர்ட்’ கொள்கை ‘டிராப்’ ஆகியிருக்கும். அதைச் செய்வது டாக்கர். டாக்கர்-யூசர் சங்கிலியில் விஎம்மின் பிரிட்ஜுக்கு அனுமதி விதி சேர்த்துவிடுங்கள். லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் நின்றால் லிப்வர்ட்டின் ‘டிஃபால்ட்’ நெட்வொர்க் தானாகத் தொடங்கவில்லை. ‘விர்ஷ்’ கட்டளையில் நெட்-ஸ்டார்ட், நெட்-ஆட்டோஸ்டார்ட் இரண்டையும் கொடுங்கள். ஹைப்பர்-வியின் டிஃபால்ட் சுவிட்ச் மறுதொடக்கத்தில் தன் வரம்பையே மாற்றிக்கொள்ளக்கூடும். அதில் நிலையான முகவரி வைப்பது வீண்.

மூடித் திறந்த பிறகு

லேப்டாப்பை ஓரிடத்தில் மூடி வேறிடத்தில் திறக்கிறோம். விஎம்முக்கு இந்தப் பயணம் தெரியாது. பிரிட்ஜில் இருந்தால் பழைய நெட்வொர்க்கின் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் கேபிளின் டிக்கை எடுத்து மறுபடி போட்டால் பெரும்பாலும் புது முகவரி கேட்கும். நேட்டில் இருந்தால் டிஎன்எஸ் மட்டும் பழையதாக இருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்மை நிறுத்திவிட்டு, ‘நேட்டிஎன்எஸ்ஹோஸ்ட்ரிசால்வர்1’ என்ற விருப்பத்தை இயக்கினால் பெயர் தேடலை லேப்டாப்பே செய்து கொடுக்கும்.

விஎம்மின் கடிகாரமும் தூங்கியிருக்கும். மணிக்கணக்கில் பின்தங்கிய கடிகாரத்துக்குப் புதிதாக வழங்கிய சான்றிதழ்கள் ‘இன்னும் செல்லுபடியாகாதவை’. பிங் எல்லாம் சரி, ஹெச்டிடிபிஎஸ் மட்டும் பிழை காட்டுகிறது என்றால் முதலில் ‘டேட்’ கொடுத்துப் பாருங்கள். கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) நிறுவியிருந்தால் நேரம் தானாகச் சேரும், இல்லையென்றால் க்ரோனி என்ற நேரம் சரிசெய்யும் மென்பொருளை வையுங்கள்.

குளோன் எடுத்த விஎம்கள்

ஒரு விஎம்மைப் பிரதி எடுத்த பிறகு இரண்டும் மாறி மாறி நெட் இழந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி. மேக் முகவரியைப் புதிதாக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள், அது சரியும்கூட. விர்ச்சுவல்பாக்ஸில் 08:00:27 என்று தொடங்குவதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேக் வேறாகியும் ஐபி ஒன்றாகவே வந்தால் காரணம் மெஷின்-ஐடி, அதாவது லினக்ஸ் நிறுவலின் அடையாள எண். லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஹெச்சிபி சர்வரிடம் தன்னை அடையாளம் காட்ட அதிலிருந்து உருவாக்கிய எண்ணைத்தான் கொடுக்கிறது, அதுவும் குளோனோடு வந்துவிட்டது. குளோனில் ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கி மறுதொடக்கம் செய்தால் புதிது பிறக்கும்.

இத்தனைக்கும் பிறகும் பிடிபடவில்லை என்றால் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கட்டளை). விஎம்முக்குள் ஒன்று, லேப்டாப்பின் பிரிட்ஜ் இன்டர்ஃபேஸில் ஒன்று, வெளியே போகும் கார்டில் ஒன்று என்று மூன்று ஜன்னலில் ஓடவிட்டு விஎம்மிலிருந்து பிங் கொடுங்கள். முதல் ஜன்னலில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால் மெய்நிகர் இணைப்பு. இரண்டாவதில் தெரிந்து மூன்றாவதில் தெரியாவிட்டால் ஃபார்வர்டிங் அல்லது ஃபயர்வால். மூன்றாவதில் 192.168.122 என்ற முகவரியோடே வெளியே போகிறது என்றால் நேட் விதி விழவில்லை. லேப்டாப்பின் முகவரியோடு ஒழுங்காக வெளியே போயும் பதில் வரவில்லை என்றால், லேப்டாப்பை விட்டுவிட்டு ரவுட்டர் பக்கம் போங்கள்.