'அரசர் விரும்பினால்': வீட்டில் தமிழையும் வரலாற்றையும் கொஞ்சம் கடினமாக்க

தரம் 8 பாடநூலை மூன்று மாதத்திலேயே முடித்துவிடுகிற பிள்ளைக்கு வீட்டில் உடனே நடப்பது, தரம் 9 புத்தகம் கைக்கு வருவதுதான். அதனால் பிள்ளை முன்னுக்குப் போகும், உள்ளுக்குப் போகாது. அந்தப் புத்தகத்திலும் கேள்விகள் அதே அச்சில்தான் இருக்கும்: யார், எப்போது, மூன்று காரணங்கள் தருக. நல்ல ஞாபகம் உள்ள பிள்ளைக்கு அது வேலையே இல்லை.

பாட அளவைக் கூட்டாமல் வேலையின் வகையை மாற்றுவதுதான் சரி என்பது என் எண்ணம். தமிழை ஒரு மணி, வரலாற்றை ஒரு மணி என்று பிரித்து வைக்கவும் தேவையில்லை. ஒரே பொருளை எடுத்து ஆறு கிழமை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். கிழமையில் நாலு நாள், நாளுக்கு 45 நிமிடம் போதும். மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்குப் பொருள் தேடி அலையவும் வேண்டாம், புளியந்தீவுக் கோட்டையிலேயே தொடங்கலாம்.

போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 மே 18 இல் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23 இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பாடநூலில் இது ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும். விசயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிற்பது பற்றிய பிரிவில், அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் 'அரசர் விரும்பினால்' என்ற பொருள்படும் நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. 1640 இல் காலிக் கோட்டை விழுந்ததும் ஒல்லாந்தர் அங்கேயே இருந்துகொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களத்தில் சொல்வது இதைத்தான்.

முதல் நாள் பெயரும் ஆண்டும் சொல்லாமல் இரண்டே வாக்கியம் எழுதிக் கொடுங்கள். 'பிடிபடும் கோட்டைகளில், அரசர் விரும்பினால், எங்கள் படை நிற்கும்.' 'பிடிபடும் கோட்டைகளில் எங்கள் படை நிற்கும்.' இது சாரம் மட்டுமே, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். என்ன வித்தியாசம், யாருக்கு இலாபம் என்று கேட்டுவிட்டு இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

இரண்டாம் நாள் பின்னணி. 1602 இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தர் மட்டக்களப்பில் இறங்கி, கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தது முதல் 1640 வரை ஒரு காலக்கோடு. கொப்பியில் ஓர் ஆண்டுக்கு அரைச் சென்ரிமீற்றர் என்று அளந்து கீறினால் 19 சென்ரிமீற்றர் வரும், ஒரு பக்கத்தில் அடங்கும். அளக்காமல் கீறினால் 26 ஆண்டு இடைவெளியும் ஐந்து நாள் இடைவெளியும் ஒரே நீளத்தில் வந்து நிற்கும். பிறகு காலக்கோட்டால் பயன் இல்லை.

மூன்றாம் நாள் தமிழ். விரும்பினால், விரும்பினாலும், விரும்பியபடி, விரும்பும்வரை. இந்த நாலையும் அதே வாக்கியத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் படையை வெளியேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று எழுத வேண்டும். 'விரும்பினாலும்' என்று ஓர் 'உம்' கூடினால் 'விரும்பாவிட்டாலும்' என்பதும் நிழல்போலக் கூடவே வருகிறது. எச்சம், இடைச்சொல் என்று வரைவிலக்கணம் பாடமாக்குவதை விட இதில் பிள்ளைக்கு இலக்கணம் பிடிபடும்.

நாலாம் நாள் இரண்டு கடிதம்: அரசனின் எழுத்தன் எழுதும் முறைப்பாடு ஒன்று, ஒல்லாந்தரின் பதில் ஒன்று. ஒவ்வொன்றும் 150 சொல். 'மிகவும்', 'முக்கியமான', 'சிறப்பான' மூன்றுக்கும் தடை. பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியிலேயே 'ஒல்லாந்தர் ஏமாற்றினார்கள்' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதை வெட்ட வேண்டாம். படியெடுத்தவரின் தவறாக இருந்திருக்க முடியாதா என்று மட்டும் கேளுங்கள். விடுபட்டதால் யாருக்கு ஆதாயம், சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்களா என்று பிள்ளை தானே தேடத் தொடங்கினால் அந்தக் கிழமையின் வேலை முடிந்தது. பதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை.

ஆண்டுகளைச் சோதிக்கவும் இதே கோட்டை உதவும். பிரித்தானியர் இதை 1745 முதல் பயன்படுத்தினார்கள் என்று எழுதிய இணையப் பக்கங்கள் உண்டு. அந்த வரியை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து, சரியா என்று கேளுங்கள். பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தது 1795 இல். அதற்கு ஐம்பது ஆண்டு முந்தி மட்டக்களப்புக் கோட்டைக்குள் அவர்கள் எப்படி இருக்க முடியும்? ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது. இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அச்சில் வந்த எதையும் அப்படியே விழுங்காது. உங்களையும் சோதிக்கத் தொடங்கும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

அம்பாறைப் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 'சுவாமி விபுலானந்தர் 1892 இல் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவில் பிறந்தார்' என்று பல கட்டுரைகளில் பார்க்கலாம். ஊர் சரி, ஆண்டும் சரி. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961 இல். 'இன்றைய' என்ற ஒரு சொல் போட்டால் வாக்கியம் நேராகிவிடும். மட்டக்களப்பைப் பற்றி எஸ்.ஓ. கனகரத்தினம் எழுதிய 1921 ஆம் ஆண்டு நூல் போன்ற பழைய மூலங்களில் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்று வந்தால் எது எல்லை என்று தேசப்படத்தில் கோடு கீறிய பிறகே மேலே வாசிக்க விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய சனத்தொகைக் கணக்கையும் இன்றைய கணக்கையும் ஒப்பிட்டு, சனம் எவ்வளவு கூடியது என்று பிள்ளை பிழையாக எழுதிக்கொண்டு வரும்.

இலக்கியத்துக்காகவும் ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் கண்ணகி வழக்குரையைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையோடு பக்கத்தில் வைக்கலாம். சிலம்பில் முழுக் காதையும் வேண்டாம், 'தேரா மன்னா செப்புவ துடையேன்' என்ற ஓர் அடி ஒரு நாளுக்குப் போதும். சீர் பிரித்தால் தேமா, தேமா, கூவிளம், புளிமா. 'தேரா' என்பது ஆராயாத என்று பொருள்படும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அரசனை 'மன்னா' என்று விளிப்பதற்கு முன்னாலேயே கண்ணகி குற்றச்சாட்டை வைத்துவிடுகிறாள். சொற்களை இடம் மாற்றி, 'மன்னா, நீ தேராதவன்' என்று எழுதிப் பார்த்து, எது கூர்மை என்று பிள்ளை சொல்லட்டும். அடுத்த கிழமை, கோயிலில் பாடும் வழக்குரையில், சிலம்பு செய்ய நாகமணி எடுக்க மீகாமன் கடலோடி வெடியரசனோடு பொருதுகிற பகுதி. இளங்கோவடிகளிடம் இல்லாத இந்தக் கடற்பயணம் நம்முடைய பாடலுக்குள் ஏன் வந்தது? கரையோரத்தில் பாடப்பட்ட பாட்டு என்று தொடங்கி 200 சொல் எழுதலாம்.

வாய்மொழி வரலாற்றுக்கு 1978 நவம்பர் 23 சூறாவளிதான் சரியான பொருள். அன்றைக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அம்மம்மாவோ உம்மும்மாவோ வீட்டிலேயே இருப்பார். 'சூறாவளி எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'பயங்கரம்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். கூரை கிடுகா ஓடா, காற்று முதலில் எந்தப் பக்கத்தால் அடித்தது, இடையில் ஓய்ந்ததா, ஓய்ந்த பிறகு எந்தப் பக்கத்தால் வந்தது, விடிந்ததும் முதலில் எதைத் தேடினார்கள் என்று கேட்க வேண்டும். சூறாவளியின் கண் கடந்த ஊரில் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஆகவே இரண்டு ஊர்க்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டால் பதில்கள் ஒன்றையொன்று சோதிக்கும்.

பேச்சைப் போனில் பதிந்து, அதில் மூன்று நிமிடத்தை மட்டும் பிள்ளை எழுத்தாக்கட்டும். பத்து நிமிடத்தைக் கொடுத்தால் பிள்ளை பாதியில் கைவிட்டுவிடும். முதல் பிரதி பேசியபடியே: 'மறுகா காத்து கிறுகி அடிச்சிது.' இரண்டாவது எழுத்துத் தமிழில்: 'பிறகு காற்றுத் திசை திரும்பி அடித்தது.' மூன்றாவது முழுப் பேச்சுக்கும் 60 சொல்லில் சுருக்கம். கெட்டிக்காரப் பிள்ளை பிழைவிடுவது முதல் பிரதியில்தான். மறுகாவைப் பிறகு என்று 'திருத்தி' வைக்கும். சாட்சியின் சொல்லைத் தொடக்கூடாது என்று அங்கே கண்டிப்பாக நில்லுங்கள். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் இந்தப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பேச்சு தானாக அங்கே போனால் போனை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

திருத்தும்போது ஒரு கட்டுரையில் இரண்டு வகைப் பிழை மட்டும் பாருங்கள்: இந்தக் கிழமை ழ, ள, ல, அடுத்த கிழமை ஒற்று மிகும் இடங்கள். எல்லாவற்றையும் சிவப்பால் குறித்தால் அடுத்த கட்டுரையில் பிள்ளை தெரிந்த சொல்லை மட்டும் வைத்து நாலு சொல் வாக்கியமாக எழுதித் தப்பித்துக்கொள்ளும். பிழை குறையும், தமிழும் குறையும்.

சாதாரண தரத்தில் தாய்மொழியும் வரலாறும் கட்டாயப் பாடங்கள் என்பதால் பரீட்சையையும் மறக்க முடியாது. உடன்படிக்கையின் இரண்டு பிரதிகளை அலசப் பழகிய பிள்ளை, இரண்டு புள்ளிக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு இருக்கும். அதற்காக, அந்த நாலு நாளோடு ஐந்தாவது நாள் ஒன்றையும் ஒதுக்கி, கடந்தகால வினாத்தாளில் பத்துச் சிறு கேள்வி, நேரம் பார்த்து இருபது நிமிடம், விடைக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் விடாமல்.