திரைக்கு எட்டாத நோட்டு

வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே, கழித்தலில் கடன் வாங்க மறந்த பிள்ளையையும் பாதியில் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதிய பிள்ளையையும் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். முகங்கள் மட்டும் சிறு கட்டங்களாகத் தெரியும் இணையவழி வகுப்பில் நோட்டு அவர் கண்ணில் படுவதில்லை. பெற்றோரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதை, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் இரண்டு பிள்ளைகளை வீட்டில் படிக்கவைத்த தாயாக உறுதியாக நம்புகிறேன்.

பாடத்தை நாமே நடத்த வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் நோட்டைத் திறக்கச் சொல்லி, “இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய், சொல்லு” என்று கேட்டால் போதும். பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் புரியவில்லை என்று பொருள், அதைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமியார், ஒளிச்சேர்க்கை பற்றிச் சொன்ன பேத்தியிடம், “அப்போ ராத்திரியில இலை என்ன செய்யும்?” என்று கேட்டார். விடை தேடி அவள் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள்.

வகுப்பு நடக்கும்போதே அருகில் அமர்ந்து விடையைக் காதில் ஓதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் நேரலை வகுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவரை 2019-ல் தொடங்கப்பட்ட அரசின் கல்வித் தொலைக்காட்சியின் முன் உட்காரவைக்க முடிந்தது. அரசுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளியும் கிடைக்கும். பல பெற்றோர் இன்னும் அதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புகளே போதும் என்றது. டியூஷனும் திரைக்கு வந்துவிட்ட இன்று, பள்ளியில் நாள் முழுவதும் இருந்து வரும் பிள்ளைக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் கருத்து. அந்த வகுப்பையும் ஹெட்போன் இல்லாமல் கூடத்தில் அமர்ந்து கேட்கச் சொல்கிறேன். சமையலறையில் இருக்கும் என் காதிலும் பாடம் விழுவதால், இரவுச் சாப்பாட்டின்போது எதைப் பற்றிக் கேட்கலாம் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.