யாருடைய வழக்கறிஞர்?

உணவகத்தில் தகராறு செய்த வாடிக்கையாளரை உரிமையாளரே தள்ளிவிட்டார். விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்தது; அவர் வழக்குத் தொடர்ந்தார். கைகலப்பில் தவறிப்போய் நடந்தது என்றால், உரிமையாளர் எங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் எடுத்திருந்த பாலிசி பணம் கட்டும். வேண்டுமென்றே செய்தது என்றால், கலிபோர்னியா காப்பீட்டுச் சட்டத்தின் 533ஆம் பிரிவின்படி கட்ட இயலாது. ஆகவே, வழக்கை நடத்தித் தருகிறோம், ஆனால் இழப்பீட்டை மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று உரிமையாளருக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் செலவில் சுயேச்சையான வழக்கறிஞரை அவரே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டு, அந்த உரிமை வேண்டாமென்றால் கையெழுத்திட வேண்டிய படிவத்தையும் இணைத்திருந்தேன்.

தொலைபேசியில் அவர் கேட்டார்: "நீங்கள் அனுப்பும் வக்கீல் யாருக்காக வாதாடுவார்?"

"உங்களுக்காகத்தான்."

"அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?"

"அதில் நான் ஆலோசனை சொல்ல முடியாது. வேறொரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்."

மறுநாளே படிவம் கையெழுத்தோடு வந்துவிட்டது.

இரண்டு பதில்களும் சட்டப்படி சரியானவை. பாலிசிதாரருக்கு ஆலோசனை சொல்வது என் வேலையல்ல. சொன்னால், நிறுவனத்தின் நலனுக்காகச் சொன்னேன் என்றே பின்னால் பேசப்படும். ஆயினும் முதல் பதிலைக் கேட்டபின் அவருக்கு இரண்டாவது பதில் காதில் விழுந்திருக்குமா என்பதே என்னை உறுத்துகிறது. 'தடுக்கத்தான் கையை நீட்டினீர்களா, கோபத்தில் தள்ளினீர்களா?' என்பதை வழக்கறிஞர் எவ்வளவு துருவிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே பாலிசி பணம் கட்டுவதும் கைவிரிப்பதும் அமையும். எங்களிடமிருந்து தொடர்ந்து வழக்குகளைப் பெறும் ஒருவர், எவ்வளவு நேர்மையானவரானாலும், அந்த இடத்தில் நிற்கலாமா? 1984இல் சான் டியேகோ கடன் சங்கம் கூமிஸ் காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பும், 1987இல் இயற்றப்பட்ட உரிமையியல் சட்டத்தின் 2860ஆம் பிரிவும் இந்தக் கவலைக்காக வந்தவைதாம்.

அதே பிரிவு, சுயேச்சை வழக்கறிஞருக்கு நாங்கள் வழக்கமாகத் தரும் கட்டணத்துக்கு மேல் தரவேண்டியதில்லை என்கிறது. அவருக்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்றும் எங்களைக் கோரவிடுகிறது. அந்தக் கட்டணத்துக்கு இசையும் தேர்ந்த வழக்கறிஞரைச் சிறு வணிகர் ஒருவர் அவசரத்தில் தேடிப் பிடிப்பது எளிதல்ல. கையெழுத்திட்டதே அவருக்கு நல்லதாய் முடிந்தது என்றும் சொல்லலாம்: வழக்கு சமரசத்தில் தீர்ந்தது, முழுத் தொகையையும் நிறுவனமே கட்டியது. ஆனால் சமரசத்துக்கு வழிவிட்டது எதிர்த்தரப்பில் சாட்சி ஒருவர் பின்வாங்கியதுதான்.

அந்த உரிமை எதற்காக இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்வது ஆலோசனை ஆகாது என்று நான் நினைக்கிறேன். அதுவும் ஆலோசனைதான் என்கிறார் என் மேலாளர். அவருடைய வாதத்தை என்னால் முழுமையாக மறுக்க முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.